எந்தப் பள்ளியில் சேர்ப்பது? பெற்றோர் கேட்க மறக்கும் கேள்வி

நம் ஊரின் பெயரிலேயே பள்ளி இருக்கிறது. திருச்சிராப்பள்ளி என்னும் பெயருக்கு அறிஞர்கள் பலவாறு காரணம் கூறுவர். சமண முனிவர்கள் தங்கிய இடத்தையும் பழந்தமிழர் பள்ளி என்றே அழைத்தனர். அம்முனிவர்களுக்காகச் செதுக்கப்பட்ட கற்படுக்கைகளை மலைக்கோட்டைப் பாறையில் இன்றும் காணலாம். தமிழ் முஸ்லிம்களாகிய நாமோ, தொழும் இடத்தைப் பள்ளி என்கிறோம். பிள்ளைகள் படிக்கும் இடத்தைப் பள்ளிக்கூடம் என்கிறோம். தங்கும் இடம், தொழும் இடம், கற்கும் இடம் ஆகிய மூன்றுக்கும் ஒரே சொல் வழங்குவது எண்ணிப் பார்க்கத் தக்கது. பலர் கூடி, ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டு வாழும் இடமே பள்ளி என்னும் கருத்து அச்சொல்லில் உறைந்து கிடக்கிறது.

அன்புப் பெற்றோர்களே! ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் தேர்வு முடிவுகள் வெளியானதும் நாம் பள்ளி பள்ளியாக ஏறி இறங்குகிறோம். கட்டணம் எவ்வளவு, நூற்றுக்கு நூறு வாங்கியவர் எத்தனை பேர், வேன் நம் தெருவுக்கு வருமா, ஆங்கில வழியா தமிழ் வழியா என்றெல்லாம் விசாரிக்கிறோம். இவை யாவும் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆயினும் அவற்றுக்கு முன்பாகக் கேட்க வேண்டிய ஒன்றைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. அந்தப் பள்ளியின் வாயிலுக்குள் நுழைந்த பிறகு நம் பிள்ளையை எப்படி நடத்துவார்கள் என்பதே அக்கேள்வி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான ஏழாண்டுக் காலத்தில் நம் பிள்ளைகளின் படிப்பு வளர்வதும் தேய்வதும் பெரிதும் அதைப் பொறுத்தே அமைகின்றன.

எழுதப்படாத பாடத்திட்டம்

பள்ளியின் பண்பாடு என்று கல்வியாளர் கூறுவது ஆண்டு விழா நடனத்தையோ, சுவரில் எழுதிய பொன்மொழியையோ அன்று. அங்கே நாள்தோறும் நடக்கும் வழக்கங்களின் தொகுப்பே அது. தாமதமாக வந்த மாணவனிடம் முதலில் காரணம் கேட்கிறார்களா, முதலில் தண்டனை தருகிறார்களா? "புரியவில்லை" என்று எழுந்து நின்ற பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரிக்கிறதா, ஆசிரியர் மீண்டும் ஒருமுறை கரும்பலகைக்குத் திரும்புகிறாரா? வகுப்புத் தலைவனாக எப்போதும் ஒருவனே இருக்கிறானா, பொறுப்புகள் பலருக்கும் பகிரப்படுகின்றனவா? ஆசிரியர் அறையில் மாணவரைப் பற்றி எத்தகைய சொற்கள் புழங்குகின்றன? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? இவை எந்தப் பாடநூலிலும் இல்லை. எனினும் மாணவன் முதலில் கற்றுக்கொள்வது இவற்றைத்தான்.

இதன் அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 800 மணி நேரமும், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 1000 மணி நேரமும் பாடம் நடத்தப்பட வேண்டும் என்கிறது. மேல் வகுப்புகளுக்கும் அதே அளவைக் கொண்டால், ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்போது 11,000 மணி நேரத்தைப் பள்ளியில் கழித்திருக்கும். இத்தனை மணி நேரம் ஒரு சூழலின் காற்றைச் சுவாசிக்கும் பிள்ளையின் அறிவிலும் நடையிலும் அக்காற்றின் மணம் ஏறாமலா இருக்கும்?

எம்மிடம் மாலை மக்தபுக்கு ஓத வரும் பிள்ளைகளிடம் "இன்று பள்ளியில் என்ன நடந்தது?" என்று கேட்பது என் வழக்கம். ஒரு பிள்ளை ஆசிரியர் செய்து காட்டிய சோதனையைச் சொல்லும். இன்னொன்று, தான் வாங்கிய மதிப்பெண்ணை மட்டும் சொல்லும். வேறொன்று, யார் யார் அடி வாங்கினார்கள் என்று பட்டியல் தரும். மூன்றும் ஒரே தெருப் பிள்ளைகள். ஒரே பாடநூலைப் படிப்பவை. ஆனால் அவை சென்று வந்த இடங்கள் வேறு வேறு உலகங்கள் என்பது அவற்றின் பேச்சிலேயே விளங்கிவிடும்.

இராமேசுவரத்தில் ஒரு பின்வரிசை

பள்ளிச் சூழல் ஒரு மாணவனை எவ்வாறு ஆக்கும், எவ்வாறு அழிக்க முயலும் என்பதற்கு, மறைந்த குடியரசுத் தலைவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் மாணவப் பருவமே தக்க சான்று. 1999-இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் அதை ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்திருக்கிறார். அவரை விஞ்ஞானி என்றும் குடியரசுத் தலைவர் என்றும் போற்றும் நாம், அவர் படித்த இடங்கள் அவருக்கு என்ன செய்தன என்பதை ஊன்றிப் படிப்பதில்லை.

1931-இல் இராமேசுவரத்தில் பிறந்த அவர், அவ்வூர்த் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, தலையில் தொப்பியோடு முதல் வரிசையில் அமர்வார். பக்கத்தில், பூணூல் அணிந்த இராமநாத சாஸ்திரி என்னும் நண்பர். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவருக்கு இக்காட்சி பொறுக்கவில்லை. கலாமை எழுப்பிப் பின்வரிசைக்கு அனுப்பினார். தாம் வருந்தியதையும், நண்பர் அழுததையும் கலாம் குறிப்பிடுகிறார். செய்தி வீட்டுக்குப் போயிற்று. நண்பரின் தந்தையும் இராமேசுவரம் கோயிலின் தலைமை அர்ச்சகருமான இலட்சுமண சாஸ்திரிகள், அந்த ஆசிரியரை வரவழைத்து, பிள்ளைகளின் முன்னிலையிலேயே கண்டித்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையேல் பள்ளியையும் ஊரையும் விட்டுப் போக வேண்டும் என்று கூறினார். ஆசிரியரும் மனம் திருந்தினார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டுவன இரண்டு. முதலாவது, அந்தச் சிறுவனுக்கு நேர்ந்தது கல்வி மறுப்பு அன்று. பின்வரிசையிலும் அதே பாடம்தான் காதில் விழும். ஆனால் "நீ இருக்க வேண்டிய இடம் இது" என்னும் வேறொரு பாடமும் அங்கே சேர்ந்து விழுந்தது. அதை நம்பிய பிள்ளை கை தூக்குவதை நிறுத்திவிடும். கை தூக்காத பிள்ளையை ஆசிரியர் மறந்துவிடுவார். இரண்டாவது, தவற்றைத் திருத்தியவர் பாதிக்கப்பட்ட பிள்ளையின் சமூகத்தவர் அல்லர். ஊரின் பெரியவர் ஒருவர். ஒரு பள்ளியின் பண்பாட்டைக் காக்கும் பொறுப்பு ஊருக்கும் உண்டு என்பதை அவர் செய்து காட்டினார்.

அதே ஊரில் அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், கலாமைத் தம் வீட்டுக்கு உண்ண அழைத்தார். ஆசாரம் மிக்க அவருடைய துணைவியார் முதலில் பரிமாற இசையவில்லை. ஐயர் தம் கையாலேயே பரிமாறி, உடன் அமர்ந்து உண்டார். அடுத்த வாரமும் அழைத்தார். அம்முறை அந்த அம்மையாரே பரிமாறினார். ஓர் ஆசிரியர் நூறு சொற்பொழிவுகளால் செய்ய இயலாததை இரண்டு வேளைச் சோற்றால் செய்து முடித்தார் எனலாம்.

பின்னர் இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளி. பதினெட்டாம் நூற்றாண்டில் நம் திருச்சியில் பல்லாண்டு தங்கிப் பணியாற்றித் தஞ்சைக்குச் சென்ற கிறிஸ்தியான் பிரெடரிக் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் பெயர் தாங்கிய பள்ளி அது. வீட்டு ஏக்கத்தால் வாடிய சிறுவன் கலாமுக்கு அங்கே ஐயாத்துரை சாலமன் என்னும் ஆசிரியர் வாய்த்தார். எழுத்தறிவில்லாத பெற்றோரின் மகனும் விரும்பியதை அடைய முடியும் என்னும் நம்பிக்கையை அவர் மாணவர் உள்ளத்தில் ஊன்றினார். தாம் என்னவாக முடியும் என்று அந்த ஆசிரியர் எதிர்பார்த்தாரோ, அந்த எதிர்பார்ப்பையே கலாம் தம் அளவுகோலாகக் கொண்டார்.

அதே பள்ளியில் கணித ஆசிரியர் இராமகிருஷ்ண ஐயர் கலாமைப் பிரம்பால் அடித்த நிகழ்ச்சியும் உண்டு. பல மாதங்கள் கழித்துக் கணிதத்தில் முழு மதிப்பெண் பெற்றபோது, காலை வணக்கக் கூட்டத்தில் பள்ளி முழுவதும் கேட்க அவரே இவரைப் பாராட்டினார். பிரம்பைப் புகழ விரும்புவோர் இந்நிகழ்ச்சியின் முதற்பாதியை மட்டும் எடுத்துக் கூறுவர். அடி வாங்கிய மாணவர் அன்று எத்தனையோ பேர். அடித்தவரே அனைவர் முன்னிலையிலும் மனமுவந்து பாராட்டும் பேறு எத்தனை பேருக்குக் கிட்டியது?

திருச்சி விடுதியில் ஓர் அறை

1950-இல் கலாம் திருச்சிக்கு வந்தார். 1844-இல் நாகப்பட்டினத்தில் இயேசு சபையினரால் தொடங்கப்பெற்று, 1883-இல் நம் நகருக்கு மாறிய தூய வளனார் கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்தார். இன்றைய மேல்நிலைப் பள்ளியின் இரண்டு ஆண்டுகள் 1978-இல் தமிழகத்தில் தொடங்கின. அதற்கு முன்பு பல காலம், பள்ளியை முடித்த மாணவர் அந்தப் படிப்பைக் கல்லூரியில்தான் பெற்றனர். பட்டப்படிப்பையும் அங்கேயே முடித்து 1954 வரை நான்கு ஆண்டுகள் அவர் அவ்வளாகத்தில் தங்கினார்.

அவருடைய அறையில் மூவர். ஒருவர் இராமேசுவரத்து முஸ்லிம். ஒருவர் ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த ஆசாரமான ஐயங்கார் இளைஞர். மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தவர் காவிரிப் பாலத்தைக் கடந்து வந்திருக்கிறார். தொலைவு சில கல்தான். ஆனால் அக்காலத்து ஆசாரக் குடும்பமொன்றின் சமையலறையிலிருந்து அந்த அறைக்கு இருந்த தொலைவைக் கல் கணக்கில் அளக்க முடியுமா? மூவரும் மகிழ்ச்சியோடு சேர்ந்து வாழ்ந்ததாகக் கலாம் எழுதுகிறார். மூன்றாம் ஆண்டில் சைவ உணவுக் கூடத்துக்குச் செயலாளராக அவரையே மாணவர்கள் அமர்த்தினர். முஸ்லிம் மாணவர் ஒருவர் சைவ உணவுக் கூடத்தின் பொறுப்பை ஏற்றார் என்பதைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வாறு நிகழ அந்த விடுதியில் என்ன இருந்தது? விடுதிக் காப்பாளராகவும் ஆங்கில ஆசிரியராகவும் இருந்த அருட்தந்தை செக்குவேரா, சுமார் நூறு மாணவர் தங்கிய அம்மூன்று மாடிக் கட்டடத்தில் இரவுதோறும் ஒவ்வொரு மாணவரையும் சென்று பார்ப்பாராம். தீபாவளி வந்தால், அவருடைய கட்டளைப்படி அறை அறையாகச் சென்று எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் வழங்குவார்களாம். கிறிஸ்தவத் துறவியர் நடத்திய விடுதி. அதில் இந்து மாணவருக்குப் பண்டிகை எண்ணெய். துறவியர் தம் மார்க்கத்தையும் விடவில்லை. மாணவரின் வழக்கத்தையும் இகழவில்லை. "உன்னை நாங்கள் அறிவோம், நீ இங்கே அந்நியன் அல்லன்" என்பதை ஒரு கரண்டி எண்ணெயால் சொன்னார்கள்.

தேர்வு மதிப்பெண் அளவில் தாம் முன்னணி மாணவராக இருக்கவில்லை என்று கலாமே ஒப்புக்கொள்கிறார். ஆனால் கணிதத்தில் தோத்தாத்ரி ஐயங்கார், இயற்பியலில் சின்னத்துரை, கிருஷ்ணமூர்த்தி முதலிய பேராசிரியர்கள் மூட்டிய ஆர்வம் அவரை விட்டு அகலவேயில்லை. ஸ்ரீரங்கம் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்து வந்த ரங்கராஜன் என்பவரும் அங்கே இயற்பியல் பயின்றார். எழுத்தாளர் சுஜாதா என்று தமிழகம் பின்னர் அறிந்தது அவரைத்தான். 1954-இல் பட்டம் பெற்ற அவ்விருவரும் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் பயின்றனர். ஒருவர் ஏவுகணையின்பால் சென்றார். மற்றவர் மின்னணுவியலோடு எழுத்தின்பாலும் சென்றார். ஒரே அச்சில் வார்க்காமல், அவரவர் திறத்துக்கு இடமளித்த சூழல் அது என்பது இதனால் விளங்கும்.

1951-இல் ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் நம் நகரில் ஜமால் முகமது கல்லூரியை நிறுவினர். எல்லாச் சமூகத்து மாணவர்களும் அங்கே பயின்று வருகின்றனர். அடுத்தவர் நம் பிள்ளைக்குச் செய்ததை நாம் அடுத்தவர் பிள்ளைக்குச் செய்யும் வாய்ப்பு அது. நம்மவர் நடத்தும் ஒவ்வொரு பள்ளிக்கும் இது பொருந்தும். நம் நிர்வாகத்தில் உள்ள பள்ளியில் படிக்கும் மாற்றுச் சமய மாணவனுக்கு அந்த நல்லெண்ணெய் கிடைக்கிறதா என்று நிர்வாகிகள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கட்டடம் படிப்புத் தருவதில்லை

தனி ஒரு மனிதரின் வரலாற்றைக் கொண்டு பொது முடிவுக்கு வரலாமா என்று நீங்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. 1979-இல் இங்கிலாந்தில் மைக்கேல் ரட்டர் என்னும் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் இலண்டன் நகரின் 12 உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டனர். 'பதினைந்தாயிரம் மணி நேரம்' என்பது அதன் பெயர். அந்நாட்டுப் பிள்ளை பள்ளியில் கழிக்கும் நேரம் அது. சேரும்போது ஏறத்தாழ ஒத்த நிலையில் இருந்த மாணவர்கள், பள்ளிக்குப் பள்ளி வெவ்வேறு விளைவுகளை அடைந்தனர். வருகையிலும், நடத்தையிலும், தேர்விலும் அவ்வேறுபாடு தெரிந்தது. கட்டடம் புதியதா பழையதா, பள்ளி பெரியதா சிறியதா என்பவை அதற்குக் காரணமாக அமையவில்லை.

பின் எவை காரணமாயின? பாடத்துக்குத் தரப்பட்ட முதன்மை, ஆசிரியர் வகுப்பை நடத்திய ஒழுங்கு, தண்டனையைவிடப் பாராட்டுக்கு இருந்த இடம், மாணவருக்குத் தரப்பட்ட பொறுப்புகள், அவர்களுக்கென இருந்த வசதிகளின் பராமரிப்பு, மாணவரின் படைப்புகள் சுவரில் இடம்பெற்றமை. இவை யாவும் ஒன்று சேர்ந்து ஒரு பள்ளிக்குத் தனிக் குணத்தைத் தந்தன. அதே வேளையில், நன்கு படிக்கும் மாணவர் ஓரளவேனும் கலந்திருந்த பள்ளிகள் சிறந்தன என்பதையும் அவ்வாய்வு மறைக்கவில்லை. சூழலே எல்லாம் என்று எவரும் கூறவில்லை. ஆனால் வறுமையையும் வீட்டு நிலையையும் காரணம் காட்டிப் பள்ளி கை கழுவ முடியாது என்பது தெளிவாயிற்று.

அமெரிக்காவின் சிகாகோ நகரத் தொடக்கநிலைப் பள்ளிகளை ஆராய்ந்த பிரைக், ஷ்னைடர் என்னும் இருவர் 2002-இல் வெளியிட்ட நூலோ வேறொன்றைச் சுட்டியது. ஆசிரியர், தலைமையாசிரியர், பெற்றோர் ஆகியோரிடையே பரஸ்பர நம்பிக்கை வேரூன்றிய பள்ளிகளில் வாசிப்பும் கணக்கும் முன்னேறும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. நம்பிக்கை இல்லாத இடத்தில் எத்தனை திட்டங்கள் வந்தாலும் அவை காகிதத்தோடு நின்றன.

அச்சத்தால் விளைவது

கடுமை காட்டினால்தான் பிள்ளை படிக்கும் என்பது நம்மில் பலரின் எண்ணம். மதரஸா ஆசிரியனாகிய நான் இதைக் குறித்துப் பேசாமல் போவது முறையன்று. "கண்ணையும் காதையும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் அடியுங்கள் ஹஜ்ரத்" என்று சொல்லிப் பிள்ளையை விட்டுச் செல்லும் பெற்றோர் இன்றும் உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன், தம் புகழ்பெற்ற 'முகத்திமா' நூலில் இதற்கென ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறார். மாணவரிடம் கடுமை காட்டுவது அவர்களுக்குக் கேடு விளைவிக்கும் என்பது அவர் முடிவு. அடக்குமுறையில் வளரும் பிள்ளை ஊக்கம் இழக்கும், சோம்பும், தண்டனைக்கு அஞ்சிப் பொய் பேசப் பழகும், அப்பழக்கமே நாளடைவில் குணமாகிவிடும் என்று அவர் விளக்குகிறார். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் நம் அறிஞர் ஒருவர் கண்ட உண்மை இது.

தமிழக அரசு 2003-இல் கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளிகளில் உடல் தண்டனையை ஒழித்தது. 2009-ஆம் ஆண்டின் சட்டம் உடல் தண்டனையோடு மனத்துன்பம் தருவதையும் தடை செய்தது. பிரம்பு மறைந்த சில வகுப்பறைகளில் நாக்கு பிரம்பாகிவிட்டதைக் காண்கிறோம். "உன் அப்பனுக்குக் கடை இருக்கிறது, நீ ஏன் படிக்கப் போகிறாய்" என்னும் ஒரு சொல் போதும். வணிகக் குடும்பத்துப் பிள்ளை அன்றே புத்தகத்தை மூடிவிடும். இதனால் ஒழுங்கே வேண்டாம் என்று பொருள் கொள்ளற்க. ரட்டர் கண்ட நல்ல பள்ளிகள் கண்டிப்பு இல்லாதவை அல்ல. அங்கே பாடம் குறித்த நேரத்தில் தொடங்கியது, வீட்டுப்பாடம் திருத்தப்பட்டது, விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது. அச்சமூட்டாத ஒழுங்கு ஒன்று உண்டு. அதை உருவாக்குவது கடினம் என்பதால்தான் பலர் பிரம்பை நாடுகின்றனர்.

மாணவரின் தனி உலகம்

பள்ளிப் பண்பாட்டை ஆசிரியர் மட்டும் ஆக்குவதில்லை. 1961-இல் ஜேம்ஸ் கோல்மன் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர், இல்லினாய் மாநிலத்தின் பத்து உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து, வளரிளம் பருவத்தினர் தமக்கென ஒரு சமுதாயத்தையே அமைத்துக்கொள்கின்றனர் என்று காட்டினார். அங்கே மதிப்புப் பெற்றவன் விளையாட்டு வீரன். படிப்பாளிக்கு அத்தகைய மதிப்பு இல்லை. நம் பள்ளிகளில் மாணவர் யாரை நாயகனாகக் கொள்கின்றனர்? ஐயம் கேட்பவனையா, ஆசிரியரை எதிர்த்துப் பேசுபவனையா? மதரஸாக்களில் ஓதப்படும் இமாம் ஸர்நூஜியின் 'தஅலீமுல் முதஅல்லிம்' என்னும் நூல், உழைப்பும் பேணுதலும் உள்ள தோழனைத் தேர்ந்தெடுக்குமாறு மாணவருக்கு அறிவுரை பகர்வதை இங்கே நினைவுகூரலாம். கூட்டாளி யார் என்பதும் கல்வியின் ஒரு பகுதியே.

இந்த உலகம் கெட்டால் என்ன நேரும் என்பதை 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் கண்டோம். பட்டியல் இனத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும், உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். இதனையடுத்து ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒரு நபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களிலுள்ள சாதி அடையாளங்களை நீக்குதல், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்தல், மாணவரை அகர வரிசையில் அமரச் செய்தல், மாணவர் நலனுக்கெனத் தனி அலுவலரை அமர்த்துதல் முதலிய பரிந்துரைகள் அதில் இடம்பெற்றன. அமரும் இடம் என்னும் செய்தியை மீண்டும் கவனியுங்கள். இராமேசுவரத்துப் பின்வரிசைக்கும் இந்தப் பரிந்துரைக்கும் இடையே எண்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. கேள்வி அதே கேள்விதான்.

மதிப்பெண்ணே மார்க்கமானால்

வேறொரு வகைப் பண்பாடும் நம்மிடையே வளர்ந்தது. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் உருவேற்றும் வழக்கம் பல தனியார் பள்ளிகளில் இருந்தது. மதிப்பெண் குவிந்தது; கல்லூரியின் முதலாண்டில் அடித்தளம் இல்லாமல் மாணவர் தடுமாறினர். இதைத் தடுக்கவே 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அது கைவிடப்பட்டது. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் அரசு நிறுத்தியதும் நல்ல முடிவே. ஆனால் தேர்வு முறையை மாற்றுவது எளிது. பள்ளியின் மனத்தை மாற்றுவது அரிது. அங்கே பெற்றோரின் கேள்விதான் வேலை செய்யும். நாம் மதிப்பெண்ணை மட்டும் கேட்டால், பள்ளி மதிப்பெண்ணை மட்டுமே தரும்.

பெண்பிள்ளைகளின் நிலை

பூப்பெய்திய மகளைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கும் தாய்மாரை நாம் எளிதில் குறை கூறிவிடுகிறோம். அந்தப் பள்ளியில் தாழிடக்கூடிய கழிப்பறை உண்டா என்று கேட்பதில்லை. எல்லாப் பள்ளிகளிலும் கழிப்பறை வசதி இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபரில் ஆணையிட்டது. தண்ணீர் வராத கழிப்பறைக்கு அஞ்சி, காலை முதல் மாலை வரை நீர் அருந்தாமல் இருக்கும் மாணவிக்குக் கணக்குப் பாடம் மனத்தில் ஏறுமா?

உடையைப் பற்றியும் ஒரு சொல். 2022-இன் தொடக்கத்தில் கர்நாடக மாநிலம் உடுப்பியில், தலையில் முக்காடிட்ட மாணவியர் கல்லூரி வாயிலில் தடுக்கப்பட்டனர். அவர்கள் படித்தது பன்னிரண்டாம் வகுப்பை ஒத்த படிப்பு. பிப்ரவரியில் அரசாணை, மார்ச்சில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரின் மாறுபட்ட தீர்ப்புகள் என்று வழக்கு நடந்தது. சட்டத்தின் வாதங்களை வழக்கறிஞர் பேசட்டும். ஆசிரியன் என்ற முறையில் நான் கேட்பது ஒன்றே: பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் வாயிலுக்கு வெளியே நின்ற பெண்ணின் படிப்புக்கு யார் பொறுப்பு? தன் அடையாளத்தை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரும்படி சொல்லப்படும் பிள்ளையின் மனம் பாதி வெளியிலேயே நின்றுவிடும்.

வீடும் ஜமாஅத்தும் செய்ய வேண்டியவை

2006-இல் வெளியான சச்சார் குழு அறிக்கை நமக்கு இரண்டு செய்திகளைச் சொன்னது. பள்ளிப் பருவத்து முஸ்லிம் பிள்ளைகளுள் மதரஸாக்களில் பயில்வோர் 3 விழுக்காட்டளவினரே. ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான முஸ்லிம் பிள்ளைகளுள் நான்கில் ஒரு பங்கினர் பள்ளிக்கே சென்றிராதவர் அல்லது இடையில் நின்றவர். நாடு முழுவதற்குமான அன்றைய கணக்கு இது. தமிழகத்தின் நிலை பல மாநிலங்களைவிட மேலானது. ஆயினும் உண்மை விளங்குகிறது. நம் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோரின் எதிர்காலம் பொதுவான பள்ளிகளில்தான் உருவாகிறது. அப்பள்ளிகளின் பண்பாடு நம் கவலையாக இல்லாவிட்டால் வேறு யாருடைய கவலை?

எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் படிப்பை விடுவதில்லை. முதலில் கேள்வி கேட்பதை விடும், பிறகு வீட்டுப்பாடத்தை, பிறகு திங்கட்கிழமைகளை, இறுதியில்தான் பள்ளியை. கடைக்கோ வெளிநாட்டுக்கோ போகிறேன் என்று மகன் சொல்லும் நாள், கதையின் கடைசி அத்தியாயம். முதல் அத்தியாயத்திலேயே நாம் அங்கே இருக்க வேண்டும்.

ஆகவே, சேர்க்கைக்குச் செல்லும்போது அலுவலக அறையோடு திரும்பிவிடாதீர்கள். இடைவேளை நேரத்தில் சென்று, மாணவர் ஆசிரியரைக் கண்டதும் ஒதுங்குகிறார்களா, அருகில் வருகிறார்களா என்று பாருங்கள். கழிப்பறையைப் பார்க்கக் கேளுங்கள். சுவரில் யாருடைய படங்கள், யாருடைய எழுத்துகள் உள்ளன என்று நோக்குங்கள். நன்றாகப் படிக்காத மாணவனுக்கு என்ன செய்கிறீர்கள் என்று தலைமையாசிரியரிடம் வினவுங்கள். அவர் பதில் சொல்லும் விதமே அப்பள்ளியின் பண்பாட்டை உரைத்துவிடும். ஜும்ஆ நேரத்தில் மாணவருக்கு என்ன ஏற்பாடு என்பதையும் பணிவோடு முன்கூட்டியே கேட்டுத் தெளியுங்கள்.

சேர்த்த பின்னும் பொறுப்பு ஓய்வதில்லை. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். எத்தனை அத்தாமார்களும் அம்மாமார்களும் அக்கூட்டங்களில் அமர்கிறார்கள்? ஜமாஅத் நிர்வாகிகள் ஆண்டுக்கொரு முறை பரிசளிப்பு விழா நடத்துவதோடு அமையாமல், வட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்களை அழைத்துப் பேசலாம். இடைநின்ற பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒருவர் செல்ல ஏற்பாடு செய்யலாம். நல்ல ஆசிரியர் எந்தச் சமயத்தவராயினும் மேடையில் அவரைப் பாராட்டலாம். மக்தப் நடத்தும் நாமும், பள்ளியில் களைத்து வரும் பிள்ளையை முகமலர்ச்சியோடு வரவேற்க வேண்டியவர்கள்.

இன்றிரவு உணவுக்கு அமரும்போது பிள்ளையிடம் "எத்தனை மார்க்?" என்று கேட்பதற்கு முன், "இன்று யாரிடம் என்ன கேள்வி கேட்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வந்தால் மகிழுங்கள். பிள்ளை பேசாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், மறுநாள் காலை அந்தப் பள்ளிக்கு ஒருமுறை நேரில் சென்று வாருங்கள்.